மூடுமுன் ஆட்டிப் பார்

(வானொலியில் ஒலிபரப்பான சிந்தனை உரையின் எழுத்து வடிவம்)



இன்று மே முதல் நாள், உழைப்பாளர் தினம். கத்தோலிக்கத் திருச்சபை இந்நாளைத் தொழிலாளரான புனித யோசேப்பின் திருநாளாகக் கொண்டாடுகிறது. 1955-ஆம் ஆண்டு திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் இத்திருநாளை ஏற்படுத்தினார். நம் மக்கள் அன்போடு சூசையப்பர் என்று அழைக்கும் இந்தப் புனிதர் பேசியதாக நற்செய்தி நூல்களில் ஒரு வார்த்தைகூடப் பதிவாகவில்லை. அவருடைய தொழில் மட்டும் பதிவாகியிருக்கிறது. கிரேக்க மூலத்தில் அவரைக் குறிக்கும் சொல் 'தெக்தோன்'. மரத்திலும் கட்டுமானத்திலும் கைத்தேர்ச்சி உள்ளவர் என்று அதற்குப் பொருள். இயேசுவும் அந்தத் தொழிலையே செய்தார். ஏரும் நுகத்தடியும் செய்தார் என்று இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித ஜஸ்டின் எழுதி வைத்திருக்கிறார்.

எனவே இன்று தச்சுப் பட்டறையிலிருந்து ஒரு சிறு வேலையை எடுத்துச் சிந்திப்போம். அது சுண்டுவிரல் நுனி அளவே உள்ள ஒரு பொருளைப் பற்றியது.

பழங்காலத்தில் நம் தச்சர்கள் மரத்தோடு மரத்தை இணைக்க இரும்பை அதிகம் நாடியதில்லை. ஒரு மரத்தில் துளை எடுப்பார்கள், மற்றொன்றில் கழுந்து செதுக்குவார்கள். இரண்டையும் பொருத்தி, குறுக்கே மரமுளை அடித்து இறுக்குவார்கள். மயமதம் என்னும் சிற்ப நூலில் மரப் பொருத்துகளுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. ஸ்ரீரங்கத்து வீதிகளில் இன்னும் மிஞ்சியிருக்கும் பழைய வீடுகளின் கதவு நிலைகளை உற்றுப் பாருங்கள். மூலைகளில் வட்டமாகவோ சதுரமாகவோ முளையின் தலை தெரியும்.

பிறகு திருகாணி வந்தது. ஸ்குரூ என்றால்தான் பலருக்குப் புரியும். வேலை எளிதாயிற்று, பிடிப்பும் உறுதியாயிற்று. ஆனால் இழைத்து மெருகேற்றிய தேக்குப் பலகையின் நடுவே இரும்புத் தலை பளபளவென்று தெரிந்தால் பார்க்க நன்றாக இருக்காது. ஆகவே நல்ல தச்சர் இரண்டு துளை போடுவார். மேலே அகலமாக, 10 மில்லிமீட்டர் அளவில், கொஞ்சம் ஆழத்துக்கு ஒரு துளை. அதன் நடுவே திருகாணி இறங்குவதற்கு ஒடுக்கமான மற்றொரு துளை. திருகாணி உள்ளே இறங்கி இறுகியபின், மேலே எஞ்சியிருக்கும் குழியை ஒரு மரத்துண்டால் அடைப்பார். இதைச் சிலர் பிளக் என்பார்கள். நாம் மரத்தக்கை என்றே சொல்வோம்.

தக்கை செய்வதில் என்ன இருக்கிறது, ஒரு குச்சியை வட்டமாகச் சீவி, நறுக்கி அடித்தால் போதாதா என்று நமக்குத் தோன்றும். அப்படிச் செய்தால் துளையின் மேல் தெரிவது மரத்தின் வெட்டுவாய். மரம் நீர் உறிஞ்சும் நுண்குழாய்கள் எல்லாம் அங்கேதான் திறந்திருக்கின்றன. பாலிஷ் போட்டதும் அந்த இடம் அதிகமாகக் குடித்துக் கறுத்துவிடும். மறைக்க வைத்ததே கரும்பொட்டாக நின்று காட்டிக்கொடுக்கும். அதனால் தக்கையைப் பலகையின் முகத்திலிருந்தே எடுக்க வேண்டும். அதற்கென்று உள்ளே குழாய்போல் குடைவான பிட் ஒன்று உண்டு. அதே பலகையில் வெட்டி மிஞ்சிய துண்டின்மேல் அதை இறக்கினால், மேலே பலகையின் ரேகை அப்படியே ஓடும் வட்டமான தக்கை கிடைக்கும்.

அடுத்தது, அதைப் பொருத்தும் முறை. தக்கையின் ரேகையும் பலகையின் ரேகையும் ஒரே திசையில் ஓட வேண்டும். இது அழகுக்காக மட்டும் செய்வதன்று. மரம் ஈரக்காற்றில் உப்பும், வெயிலில் சுருங்கும். உப்புவதும் சுருங்குவதும் ரேகையின் குறுக்கேதான் அதிகம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் ஸ்ரீரங்கத்தில் ஐப்பசி மழையில் கதவுகள் உப்பி மூட மறுப்பதையும், திருச்சியின் கத்திரி வெயிலில் அதே கதவுகள் சுருங்கி இடைவெளி விடுவதையும் நாம் பார்த்திருக்கிறோம். தக்கையைத் திருப்பி வைத்துவிட்டால் பலகை ஒரு பக்கம் அசையும், தக்கை மறுபக்கம் அசையும். ஒரு வருடத்தில் விளிம்பில் வட்டமாகக் கீறல் தெரியும்.

பசையைத் துளையின் சுவரில் இலேசாகத் தடவி, தக்கையைக் கொட்டாப்புளியால் மெல்லத் தட்ட வேண்டும். அடிக்கு வந்து சேர்ந்ததும் தட்டும் ஓசை மாறும். அங்கே கையை நிறுத்த வேண்டும். பசை நன்றாகக் காயும்வரை சீவக் கூடாது. பசையின் ஈரத்தில் தக்கை உப்பியிருக்கும்போதே சீவிச் சமன் செய்தால், காய்ந்தபின் அது பலகை மட்டத்துக்குக் கீழே இறங்கிக் குழியாகிவிடும். காய்ந்தபிறகும் உளியை ஒரே அடியாக அடியோடு வைத்துச் சீவுவதில்லை. முதலில் மேலே கொஞ்சம் சீவி, ரேகை எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்த்துக்கொள்வார்கள். தவறான பக்கமிருந்து சீவினால் தக்கை பலகைக்குக் கீழேயே பிய்ந்து வந்துவிடும். கடைசியில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், தக்கை இருக்கும் இடத்தைக் கண்ணால் தேடினாலும் எளிதில் கிடைக்காது.

நேயர்களே, இவ்வளவு பாடுபட்டு ஒன்றை மறைக்கிறார்களே, இது ஏமாற்று வேலை ஆகாதா? இந்தக் கேள்விக்குப் பதில் நம் பங்குக் கோயில் பெஞ்சுகளைச் செப்பனிட ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த ஆசாரியார் ஒருவரிடம் கிடைத்தது. திருகாணிகளை எல்லாம் முடுக்கியபின், தக்கை வைப்பதற்கு முன் அவர் ஒவ்வொரு பெஞ்சையும் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். "சாமி, ஆடாம நின்னாத்தான் தக்கை. ஆடுச்சுன்னா கழட்டி மறுபடியும் மாட்டணும். ஆடுறதுக்கு மேல தக்கை வச்சா, உட்கார்றவங்களுக்கு நாம பண்ற துரோகம்" என்றார்.

தக்கை எடை தாங்குவதில்லை. தாங்குவது உள்ளே இருக்கும் திருகாணி. உள்ளே பிடிப்பு உறுதியாக இருந்தால் மேலே வைக்கும் தக்கை நேர்மையான வேலை. உள்ளே துளை பெருத்து, திருகாணி சும்மா சுற்றும் நிலையில், மரத்தூளையும் பசையையும் குழைத்து அப்பி, மேலே வார்னிஷ் அடித்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். சிறு கீறலுக்கு அந்த மரத்தூள் பசை போதும். பிடிப்பே இல்லாத இணைப்புக்கு மேல் அதைப் பூசுவது, உட்காரப் போகிறவரைக் கீழே தள்ளுவதற்குச் சமம்.

இறைவாக்கினர் எசேக்கியேல் இப்படிப்பட்ட ஒரு வேலையைப் பற்றித்தான் தம் நூலின் 13-ஆம் அதிகாரத்தில் கடுமையாகப் பேசுகிறார். மக்கள் பலமில்லாத சுவரை எழுப்புகிறார்கள். பொய் இறைவாக்கினர் அதன்மேல் சுண்ணாம்பு பூசி, எல்லாம் நலமே என்கிறார்கள். மழை வந்ததும் சுவர் விழுகிறது. அங்கே கடவுளின் சினம் சுவர் பலமின்றி இருந்ததற்காக மட்டும் எழவில்லை. பலவீனம் தெரிந்தும் வெள்ளையடித்தவர்கள்மீது எழுந்தது.

நம் வீடுகளுக்கு வருவோம். வீடு சந்திக்கப் போகும் குருக்களாகிய நாம் திரும்பத் திரும்பக் கேட்கும் வாசகம் ஒன்று உண்டு: "வெளியில் தெரிந்தால் மானம் போய்விடும்." திருமணமான மகள் கன்னத்தில் காயத்தோடு வந்து நிற்கிறாள். "கொஞ்சம் அனுசரித்துப் போம்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறோம். உறவினர் ஒருவரால் பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்திருக்கிறது. பிள்ளையின் எதிர்காலத்தைச் சொல்லிப் பிள்ளையின் வாயையே அடைக்கிறோம். குடும்பத்தில் மட்டுமல்ல, பள்ளிகளிலும் அலுவலகங்களிலும், சமயத்தின் பெயரால் நடக்கும் அமைப்புகளிலும், நம் திருச்சபையிலுங்கூட, நிறுவனத்தின் நற்பெயரைச் சொல்லி இதே மரத்தூள் பசையைப் பூசுவது உண்டு. இதை மறுத்துவிட்டுச் சூசையப்பர் திருநாளைக் கொண்டாட நமக்குத் தகுதியில்லை.

ஆடுகின்ற இடத்துக்கு மேல் தக்கை வைக்காதீர்கள். பெண்களுக்கு உதவ 181 என்ற எண் இருக்கிறது. குழந்தைகளுக்கு 1098 இருக்கிறது. இந்த எண்களை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். அவற்றை அழைப்பதால் குடும்ப மானம் போகாது. குலைந்த பிடிப்பைக் கழற்றி மாட்டும் வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அப்படியானால் எதையுமே மூடக் கூடாதா? சூசையப்பரைப் பாருங்கள். தமக்கு மண ஒப்பந்தமான மரியா கருவுற்றிருப்பது அவருக்குத் தெரிய வருகிறது. காரணம் இன்னும் விளங்கவில்லை. அவர் ஊரைக் கூட்டி நியாயம் கேட்டிருக்கலாம். சட்டம் அவர் பக்கம் இருந்தது. ஆனாலும் அவரை இகழ்ச்சிக்கு உள்ளாக்க விரும்பாமல் மறைவாக விலக்கிவிட நினைத்தார் என்று மத்தேயு எழுதுகிறார். பிறகு வானதூதர் காரணத்தை விளக்கியதும், மரியாவை ஏற்றுக்கொண்டார். அவரும் மூடவே நினைத்தார். ஆனால் அந்த மூடல் யாரைக் காத்தது? ஊரார் வாயில் விழுந்து சிதைந்து போயிருக்கக்கூடிய ஒரு பெண்ணைக் காத்தது. அடித்தவரைக் காப்பதற்காக அடிபட்டவரின் வாயை மூடுவதும், அடிபடக்கூடியவரைக் காப்பதற்காக நம் வாயை நாமே மூடிக்கொள்வதும் ஒன்றாகிவிடாது. எனவே எதையும் மூடுமுன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வோம்: இதனால் காக்கப்படுகிறவர் யார்?

மூட வேண்டியவை நம்மைச் சுற்றி நிறைய இருக்கின்றன. குடியை விட்டு மூன்று ஆண்டுகளாக உழைத்துச் சாப்பிடுகிறவரின் பழைய கதை. தேர்வில் தோற்று மறுபடி எழுதப் போகும் பிள்ளையின் மதிப்பெண். நாம் கட்டிய பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பள்ளிக் கட்டணம். உள்ளே பிடிப்பு உறுதியாகிவிட்டது. வெளியே குழி மட்டும் தெரிகிறது. அங்கே தக்கை வைப்பது அன்பு.

அதை எப்படி வைப்பது என்பதையும் தச்சரிடமே கற்கலாம். தக்கை அதே பலகையிலிருந்து வர வேண்டும்; குடியிலிருந்து மீண்டவருக்குத் தாமும் மீண்டு வந்தவர் சொல்லும் ஆறுதல், மேடையிலிருந்து நாம் சொல்லும் அறிவுரையைவிட நன்றாகப் பொருந்துகிறது. ரேகையோடு ரேகை சேர வேண்டும். உதவி பெறுகிறவரின் சுபாவம் அறிந்து உதவ வேண்டும். பசை காயப் பொறுக்க வேண்டும். நேற்று சமாதானமான அண்ணன் தம்பியை இன்றே விருந்துக்கு உட்கார வைத்துப் படம் எடுக்க வேண்டாம். இன்னொன்றும் உண்டு. மரப்படகு கட்டுகிறவர்கள் சிலர் தக்கையைப் பசைக்குப் பதில் வார்னிஷில் தோய்த்து வைப்பார்கள். நாளை திருகாணி துருப்பிடித்தால் பலகையை உடைக்காமல் தக்கையை எடுத்துப் பார்க்கலாம் அல்லவா? அன்பினால் மூடியதும் தேவை வந்தால் திறந்து பார்க்கக்கூடியதாக இருக்கட்டும்.

இந்தச் சித்திரை மாதத்தில் ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிகளில் தேர் ஓடுவதை நாம் அறிவோம். வடம் பிடிக்கிறவர்கள் அண்ணாந்து பார்ப்பது தேர்ச்சீலைகளையும் தொம்பைகளையும். ஆனால் நம் மாநிலத்தில் தேரோட்டத்துக்கு முன் பொதுப்பணித்துறைப் பொறியாளர்கள் வந்து, மரமும் அச்சும் உறுதியாக உள்ளனவா என்று பார்த்துச் சான்று தருவது வழக்கம். அத்தனை பேர் வீதியில் நிற்கிறார்கள், அவர்கள்மேல் எதுவும் சாயக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. சோதனை முதலில், அலங்காரம் பிறகு. இந்த ஒழுங்கு தேருக்கு வேண்டுமென்றால், மனிதர் வாழும் வீட்டுக்கு எவ்வளவு வேண்டும்!

இன்று வேலைக்கு விடுமுறை. இரவு சாப்பிட உட்காரும்போது வீட்டில் ஆடுகிற நாற்காலி ஏதாவது இருந்தால் பாருங்கள். அப்படியே வீட்டில் யாராவது பல நாளாகப் பேசாமல் இருக்கிறார்களா என்றும் பாருங்கள். இருந்தால் அருகில் உட்கார்ந்து, "என்னம்மா, என்னப்பா" என்று ஒரு முறை கேளுங்கள். அவர்கள் சொல்வதை இடையில் மறிக்காமல் கேளுங்கள்.

தச்சராக உழைத்த புனித சூசையப்பரின் வேண்டுதலால், இறைவன் உழைக்கும் உங்கள் கைகளையும் உங்கள் இல்லங்களையும் உறுதிப்படுத்துவாராக.