டாக்கெட் அட்டையின் உள்பக்கம்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

சரவணம்பட்டியில வேலை பார்க்கிற ஒரு தம்பி கேள்வி அனுப்பியிருந்தார். "எங்க ஆபீஸ்ல பழைய சிஸ்டத்தை மாத்தறாங்க. அம்பது வயசை நெருங்கின கோபோல் ஆளுங்களுக்கு ஜாவா சொல்லிக் குடுக்கறாங்க. இந்தச் செலவு எதுக்கு? புதுசா நாலு பேரை எடுத்தா முடிஞ்சுதே?"

தப்பா எடுத்துக்காதீங்க தம்பி, 26 வயசுல நானும் இதையேதான் கேட்டேன். பதில் கிடைச்சது ஒரு ஸ்கேனர் பக்கத்துல.

அதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு. 1956 செப்டம்பர் 1-ம் தேதி எல்.ஐ.சி. ஆரம்பிச்சப்போ 245 நிறுவனங்களை ஒண்ணாச் சேர்த்தாங்க. அத்தனை நிறுவனத்தோட காகிதமும் கூடவே வந்துது. 50-களின் கடைசியில, துளை போட்ட அட்டைகளைப் பிரிச்சுக் கணக்கு எடுக்கிற மெஷின்கள் வந்தன. 1964-ல கம்ப்யூட்டர். கல்கத்தாவுல கம்ப்யூட்டர் வைக்கப் போனப்போ, இலாக்கோ ஹவுஸ் கட்டடத்துக்குள்ள மெஷினை விடமாட்டோம்னு ஊழியர்கள் காவல் இருந்தாங்க. வேலை போயிடும்ங்கிற பயம். இன்னைக்கு ஏ.ஐ. பத்தி நாம டீக்கடையில பேசறோமே, அதே பயம்தான்.

அப்புறம் 1995 ஜூலையில ஒரு பெரிய மாற்றம். அதுவரைக்கும் பின்னாடி ரூம்ல இருந்த கம்ப்யூட்டர் கவுன்ட்டருக்கு வந்துது. பாலிசி என்ன நிலையில இருக்கு, லோன் எவ்வளவு கிடைக்கும், நின்னுபோன பாலிசியைப் புதுப்பிக்க எவ்வளவு கட்டணும், எல்லாம் கேட்ட உடனே பதில். கிளை கிளையாப் போய், அப்போ இருந்த 2,048 கிளைக்கும் அது வந்துது. லெட்ஜர் புரட்டிப் பழகினவங்க கீபோர்டுக்கு மாறினாங்க.

இப்ப என் கதை. இது 2000-க்கு அப்புறம் வந்த ஒரு தனியார் நிறுவனம், பேர் வேண்டாம். கோயம்புத்தூர்ல அவங்க ரெக்கார்ட் ரூம். பொள்ளாச்சி, உடுமலை, கோபி பக்கத்துப் பாலிசிகளோட டாக்கெட் எல்லாம் அங்க அடுக்கி இருக்கும். டாக்கெட்னா ஒரு பாலிசிக்கான முழு ஃபைல்: விண்ணப்பம், வயசுச் சான்று, கடிதங்கள். அதையெல்லாம் ஸ்கேன் பண்ற டீம்ல நான் இருந்தேன். ஒரு நாளைக்கு இத்தனை பக்கம்னு டார்கெட். உள்ள இருக்கிற தாளை எடுப்போம், ஸ்கேன் பண்ணுவோம், அட்டையைத் தூக்கி ஓரமாப் போடுவோம்.

பதினோராவது நாள் அங்க இருந்த பெரியவர் கேட்டார். "ஏனுங் தம்பி, அட்டையை எடுக்கலீங்களா?"

"அது வெறும் அட்டை தானுங்களே ஐயா?"

அவர் ஒண்ணைப் பிரிச்சுக் காமிச்சார். 2004-ல எடுத்த பாலிசி. கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்ததால விண்ணப்பத்துல நாமினி அம்மா. அட்டையோட உள்பக்கம் கையெழுத்துல மூணு குறிப்பு, மூணு முத்திரை. வீட்டுக் கடனுக்காக பாலிசியை பேங்க் பேருக்கு எழுதிக் கொடுத்தது. 2009-ல கடன் தீர்ந்து திரும்ப வந்தது. அப்புறம் புது நாமினியா மனைவி. அந்தப் புது நாமினேஷன் கடிதம் உள்ள இல்லை. அட்டையில இருந்த அந்த ஒரு வரிதான் சாட்சி.

நாங்க எடுத்த ஸ்கேன்ல அம்மா பேர் மட்டும்தான். அந்த மனுஷனுக்கு நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா? பொண்டாட்டி கையில குழந்தையோட வந்து நிப்பாங்க, சிஸ்டம் வேற பேர் சொல்லும். பதினோரு நாள் வேலையையும் திரும்பப் பண்ணினோம்.

அதே நேரத்துல இன்னொரு வேலையும் எனக்கு: அந்த நிறுவனத்தோட சொந்த புரோகிராமர்களுக்கு ஜாவா சொல்லிக் கொடுக்கிறது. ஒரு அக்கா, 48 வயசு. "இன்ஹெரிட்டன்ஸ்னா வாரிசுன்னுதானுங்க எனக்குத் தெரியும், இது என்னமோ வேற சொல்றீங்க"னு சிரிப்பாங்க. மெதுவாத்தான் வந்துது. நான் மனசுக்குள்ள, இவங்களால ஆகாதுன்னு முடிவே பண்ணிட்டேன்.

ஒரு நாள் எங்க இளவட்டம் எழுதின கோடை அவங்க பார்த்தாங்க. பாலிசியை இன்னொருத்தர் பேருக்கு எழுதிக் கொடுத்தா நாமினேஷன் ரத்து. இன்சூரன்ஸ் சட்டம் 39-வது பிரிவு, படிச்சுத்தான் எழுதியிருந்தோம். அக்கா ஒரே கேள்வி கேட்டாங்க: "தேதி பார்க்கலையே?"

பழைய சட்டப்படி ரத்தானா ரத்துதான், கடன் தீர்ந்த பிறகு புதுசா நாமினி போடணும். 2015 திருத்தத்துக்கு அப்புறம், கடன் தீர்ந்து பாலிசி திரும்ப வந்தா பழைய நாமினேஷன் தானா உயிர் பெறும். ரெண்டு விதியும் ஒரே சிஸ்டத்துல இருக்கணும். எது பொருந்தும்னு தேதிதான் சொல்லும். அக்கா ஆறு வருஷம் கவுன்ட்டர்ல இருந்துட்டு புரோகிராமிங்குக்கு வந்தவங்க. அந்தத் தேதிக்குள்ள எத்தனை குடும்பம் இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும்.

அன்னைக்கு அப்புறம் முறையை மாத்தினோம். காலையில அவங்க எங்களுக்கு பாலிசி பாடம், மத்தியானம் நாங்க அவங்களுக்கு ஜாவா. நாலு மாசத்துல அக்கா எழுதின கோடை நான் ரிவியூ பண்ணினேன், நான் எழுதினதை அவங்க பண்ணினாங்க.

எல்லாரும் தேறினாங்கன்னு பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு பேர் வேலையை விட்டுட்டுப் போனாங்க. போனஸ் கணக்கு முழுசாத் தெரிஞ்சவர் அதுல ஒருத்தர். அவருக்கு நாங்க பொறுமையாச் சொல்லிக் கொடுக்கல, அவர்கிட்ட இருந்து எழுதியும் வாங்கிக்கல. இன்னைக்கும் எனக்கு அது உறுத்தல்தான்.

இப்ப காகிதம் குறைஞ்சுட்டு வருது. 2020 நவம்பர்ல எல்.ஐ.சி. ஏஜென்ட்டுகளுக்கு ஆனந்தாங்கிற டிஜிட்டல் விண்ணப்ப வசதி வந்துது. 2024 ஏப்ரல் 1 முதல் புதுப் பாலிசியை மின்னணு வடிவத்துல கொடுத்தாகணும்னு ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதி. அதே வருஷம் செப்டம்பர்ல, எல்.ஐ.சி.யோட புது டிஜிட்டல் தளத்தைக் கட்டப்போறதா இன்ஃபோசிஸ் அறிவிச்சுது. எல்லாம் நல்லதுதான். ஆனா இருபத்தஞ்சு வருஷத்துக்கு எழுதிக் கொடுத்த வாக்கு, நடுவுல மூணு கம்ப்யூட்டர் மாறினாலும் அப்படியே இருக்கணும்.

அதனால தம்பி, உங்க பக்கத்து சீட்டு அண்ணனோ அக்காவோ ஜாவால தடுமாறினா உதவி பண்ணுங்க. பதிலுக்கு அவங்க பழைய கோட்ல ஒரு வரியைக் காட்டி, "இது ஏன் இப்படி இருக்கு?"ன்னு கேளுங்க. பதிலை எழுதி வைங்க.

எல்லாருக்கும் ஒரு வீட்டுப்பாடம்: இந்த ஞாயித்துக்கிழமை அப்பா அம்மா பாலிசியை பீரோவுல இருந்து எடுங்க. நாமினி யாருன்னு பாருங்க. எதுக்கும் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்க. வரட்டுங்களா?