பரப்பும் தரமும்: காட்டில் முட்டையிடும் கடற்பறவைகள் தரும் பாடம்

(பயிற்சி அலுவலர்களும் பொருளாதார மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திட்டமிடும் பணியில் இருப்போர் எண்களைத் துணைக்கொண்டே முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கிறது. காடுகளைப் பொறுத்தவரை நம் கோப்புகளில் பெரிதும் இடம்பெறும் எண் ஒன்றே, அது பரப்பு. எத்தனை ஹெக்டேர் காடு இருந்தது, எத்தனை ஹெக்டேர் பிற பணிக்கு எடுக்கப்பட்டது, எத்தனை ஹெக்டேரில் ஈடாக மரம் நடப்பட்டது என்ற மூன்று பத்திகளுடன் கணக்கு முடிந்துவிடுகிறது. இக்கணக்கு எங்கே பிழைபடுகிறது என்பதை இரண்டு கடற்பறவைகளின் நிலையைக் கொண்டு விளக்க விரும்புகிறேன். இரண்டும் நம் நாட்டில் கூடுகட்டுபவை அல்ல. ஆயினும் அவற்றின் அனுபவம் நம் கணக்கேடுகளுக்கும் பொருந்துவதாகும்.

கடலில் உணவு, காட்டில் முட்டை

கடற்பறவைகளுள் பெரும்பாலானவை தீவுகளிலும் கடலோரப் பாறைகளிலும் மணற்பரப்பிலும் கூட்டமாக முட்டையிடுபவை. அலாஸ்கா முதல் கலிபோர்னியா வரை வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழும் மார்பிள்டு மர்ரலெட் என்னும் சிறு பறவை இதற்கு விலக்கு. சுமார் 25 சென்டிமீட்டர் நீளமே உள்ள இப்பறவை கரையோரக் கடலில் மூழ்கிச் சிறு மீன்களைப் பிடித்துண்ணும். அறிவியலார் இதற்கு 1789-ஆம் ஆண்டிலேயே பெயரிட்டனர். எனினும் வட அமெரிக்காவில் மரத்தின் மீது அமைந்த இதன் கூடு ஒன்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1974-ஆம் ஆண்டில்தான். கலிபோர்னியாவின் பிக் பேசின் மாநிலப் பூங்காவில், ஒரு டக்ளஸ் ஃபர் மரத்தின் மேல், தரையிலிருந்து ஏறத்தாழ 45 மீட்டர் உயரத்தில் அது இருந்தது.

கூடு என்று சொன்னேனே தவிர, இப்பறவை கூடு எதையும் கட்டுவதில்லை. பருத்த கிளையின் மேற்புறத்தில் மெத்தைபோல் படர்ந்துள்ள பாசியில் ஒரு சிறு பள்ளமே அதற்குப் போதும். அதில் ஒரே ஒரு முட்டை. தாயும் தந்தையும் ஏறக்குறைய ஒரு நாளைக்கு ஒருவராக முறைவைத்து ஒரு மாதகாலம் அடைகாக்கும். குஞ்சு பொரித்தபின், விடியலிலும் அந்தியிலும் கடலிலிருந்து பல கிலோமீட்டர் பறந்துவந்து, பெரும்பாலும் ஒரு தடவைக்கு ஒரு மீனாக ஊட்டும். சிறகு முற்றிய குஞ்சு பெற்றோரின் துணையின்றித் தானே கடலை நோக்கிப் பறந்து சென்றுவிடும்.

இப்பறவைக்கு வேண்டியது எதுவெனப் பாருங்கள். முட்டை உருண்டு விழாத அகலமுள்ள கிளை, அதன்மேல் பாசி, எதிரியின் கண்ணில் படாதவாறு மேலே இலைகளின் மறைப்பு, வேகமாகப் பறந்துவரும் பறவை உள்ளே நுழைய ஓர் இடைவெளி. அலாஸ்காவில் சில பறவைகள் தரையிலும் முட்டையிடுவதுண்டு. ஆனால் தெற்கே வாஷிங்டன், ஆரிகன், கலிபோர்னியா மாநிலங்களில் இவையனைத்தும் ஒருங்கே அமைவது முதிர்ந்த பெருமரங்களில்தான். அத்தகைய கிளைகள் உருவாகப் பொதுவாக நூற்றைம்பது, இருநூறு ஆண்டுகள் ஆகும். நாற்பது ஆண்டுத் தோட்டக்காடு பரப்பேட்டில் காடாகவே பதிவாகும். மர்ரலெட்டுக்கு அதில் இடமில்லை. காட்டின் தரம் என்று நான் குறிப்பிடுவது இதனையே.

ஒரே பரப்பு, வேறுவேறு காடு

தரத்திற்கு அடுத்தது துண்டுபடுதல். காட்டின் விளிம்பில் ஒளியும் காற்றும் மிகுதி. ஈரம் குறைந்து கிளைகளின் பாசி உலர்கிறது. வெட்டவெளியில் முளைக்கும் பழச்செடிகளை நாடி ஜே, அண்டங்காக்கை முதலிய காக்கை இனப் பறவைகள் வருகின்றன. வந்தவை அருகிலுள்ள மரங்களில் முட்டையையும் குஞ்சையும் கண்டால் விடுவதில்லை. சுற்றுலாப் பயணியர் சிந்தும் உணவுத் துணுக்குகளும் இவற்றை ஈர்ப்பதால், கலிபோர்னியாவின் செம்மரப் பூங்காக்களில் ஒரு துணுக்கும் சிந்தாதிருக்குமாறு பயணியரை வற்புறுத்தும் இயக்கமே நடைபெறுகிறது.

விளிம்பின் தீமை 50 மீட்டர் உள்ளே வரை எட்டுகிறது என வைத்துக்கொண்டு ஓர் எளிய கணக்கைப் போடுவோம். நூறு ஹெக்டேர் காடு ஒரே சதுரமாக இருப்பின் பக்கம் ஒரு கிலோமீட்டர். நாற்புறமும் 50 மீட்டர் நீக்கினால் 81 ஹெக்டேர் உட்காடு எஞ்சும். அதே நூறு ஹெக்டேர் நான்கு சதுரங்களாகப் பிரிந்தால் உட்காடு 64 ஹெக்டேர். நான்கு ஹெக்டேர் வீதம் இருபத்தைந்து துண்டுகளானால் 25 ஹெக்டேர். ஒரு ஹெக்டேர் வீதம் நூறு துண்டுகளானால் உட்காடு என்பதே இல்லை, எல்லாம் விளிம்பே. நான்கு நிலைகளிலும் கோப்பில் எழுதப்படும் பரப்பு நூறு ஹெக்டேர்தான்.

எல்லா விளிம்பும் ஒரே தன்மையது அன்று என்பதையும் கூறவேண்டும். அண்மையில் மொட்டையாக வெட்டப்பட்ட நிலத்தை ஒட்டிய விளிம்பில் ஆபத்து மிகுதி எனவும், ஆறு போன்ற இயற்கை விளிம்புகளில் அத்தகைய மிகுதி காணப்படவில்லை எனவும் ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே காட்டைச் சூழ்ந்துள்ள நிலத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதும் காட்டின் தரத்தைச் சேர்ந்ததே.

காலந்தாழ்ந்து தெரியும் இழப்பு

ஆண்டுக்கு ஒரு முட்டைக்கு மேல் எதிர்பார்க்க இயலாத இப்பறவை நீண்ட ஆயுள் உடையது. காடு கெட்டுக் குஞ்சுகள் தப்பாது போயினும், வளர்ந்த பறவைகள் பல ஆண்டுகள் கடலில் மிதந்துகொண்டிருக்கும். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்குக் குறையேதும் தோன்றாது. இலாபம் நின்றபின்னும் முதலை உண்டு நடக்கும் நிறுவனத்தின் நிலை இது. சரிவு எண்ணிக்கையில் தெரியும்போது காரணம் பல ஆண்டுகள் பழையதாகியிருக்கும்.

மேற்கூறிய மூன்று மாநிலங்களிலும் இப்பறவை 1992-ஆம் ஆண்டில் அழியும் வாய்ப்புள்ள இனமாகக் கூட்டரசின் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. 1994-இல் வடமேற்கு வனத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. கூட்டரசுக்குச் சொந்தமான சுமார் 97 இலட்சம் ஹெக்டேர் நிலத்தைத் தழுவிய அத்திட்டம், முதிர்ந்த காடுகளின் பெரும்பகுதியில் மரவெட்டுக்குக் கட்டுப்பாடு விதித்தது. பயன் இல்லாமற் போகவில்லை. 1993 முதல் 2012 வரையிலான காலத்தில் மர்ரலெட் முட்டையிடத்தக்க காடு கூட்டரசு நிலத்தில் சுமார் 2 விழுக்காடே குறைந்தது. பிற நிலங்களில் சுமார் 27 விழுக்காடு குறைந்தது. முன்னதில் தீயும் பின்னதில் மரவெட்டும் முதன்மைக் காரணங்கள்.

இருப்பினும் வாஷிங்டன் மாநிலத்தில் 2001-க்குப் பின் இப்பறவைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ நான்கு விழுக்காடு வீதம் குறைந்தன. அம்மாநிலம் 2017-லும் ஆரிகன் 2021-லும் இதனைத் தத்தம் பட்டியலில் மேலும் கடுமையான நிலைக்கு மாற்றின. குற்றம் முழுவதையும் காட்டின்மீது சுமத்துதல் நேர்மையாகாது. கடலில் இரை குறைதல், வலையில் சிக்குதல், 1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பலிலிருந்து கொட்டியதைப் போன்ற எண்ணெய்ச் சிதறல் ஆகியவையும் உண்டு. ஆயினும் முட்டையிடத்தக்க காடு எவ்வளவு உள்ளது, அது எவ்வளவு தொடர்ச்சியாக உள்ளது என்பவையே அக்காட்டுக்கு எதிரேயுள்ள கடலில் எத்தனைப் பறவைகள் காணப்படும் என்பதைப் பெரிதும் உணர்த்துகின்றன என ஆய்வாளர் கண்டுள்ளனர்.

உரத்திற்காக ஒரு தீவு

இரண்டாவது சான்று நம் இந்துமாக்கடலைச் சேர்ந்தது. ஜாவாவுக்குத் தெற்கே, ஆஸ்திரேலியாவுக்கு உரிய கிறிஸ்துமஸ் தீவு 135 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அபட்ஸ் பூபி என்னும் பெருங்கடற்பறவை உலகில் இன்று முட்டையிடும் இடம் இத்தீவு ஒன்றே. மழைக்காட்டின் உயர்ந்த மரமுடிகளில் கூடமைத்து, ஒரு முட்டையிட்டு, ஓராண்டுக்கு மேலும் குஞ்சைப் பேணும் பறவை அது.

அதே மரங்களின் அடியில் பாஸ்பேட் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய சுரங்கப்பணியால் தீவின் காட்டில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அழிந்தது. வெட்டப்பட்ட மரங்களில் இருந்த கூடுகள் மட்டுமே போகும் என்றுதான் யாரும் கணக்கிடுவர். நடந்தது வேறு. வெட்டவெளியைக் கடந்து காட்டில் மோதும் காற்று சுழன்றடித்தது; வெட்டப்படாத காட்டிலும், காற்று செல்லும் திசையில் அமைந்த கூடுகள் பாதிக்கப்பட்டன. நீண்ட சிறகுடைய இப்பறவை அடர்காட்டுத் தரையில் விழுந்துவிட்டால் எழுந்து பறக்க இயலாது பட்டினியால் மடியும். ஆகவே சுரங்கத்தின் உண்மைப் பரப்பு அதன் குத்தகைப் பரப்பைவிடப் பெரியதாயிற்று. 1980-இல் அங்கே தேசியப் பூங்கா அமைக்கப்பட்டுப் பின்னர் விரிவாக்கப்பட்டது. வெட்டிய நிலங்களில் மீண்டும் காடு வளர்க்கும் பணியும் மேற்கொள்ளப்பட்டது.

பாஸ்பேட் உரம் வேண்டாத பொருளன்று. உழவர்க்கு அது உணவுற்பத்தியின் அடிப்படை. எனவேதான் வேண்டிய பொருளுக்கு நாம் செலுத்தும் விலை முழுமையாக எழுதப்பட வேண்டும் என்கிறேன்.

செலவை யார் ஏற்பது?

அமெரிக்காவின் மேற்குக் கரையில் மரவெட்டு குறைந்தபோது அறுவை ஆலைகள் மூடப்பட்டன. காட்டை நம்பிய சிற்றூர்களில் தொழிலாளர் வேலையிழந்தனர். 1908-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி தேசிய வனங்களின் வருவாயில் 25 விழுக்காடு உள்ளூர்ச் சாலைகளுக்கும் பள்ளிகளுக்கும் சென்றுகொண்டிருந்தது. மரம் விழுந்தால்தான் பள்ளிக்குப் பணம் என்ற இந்த ஏற்பாட்டினால், பறவையைக் காக்கும் ஆணை குழந்தைகளின் கல்விக்கு எதிரானதாக மக்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை. 2000-ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றி, மரவெட்டைச் சாராத உதவித்தொகை வழங்க வேண்டியதாயிற்று.

ஆரிகன் மாநிலத்தின் எலியட் காடும் இத்தகையதே. அதன் வருவாய் மாநிலப் பள்ளி நிதிக்கு உரியது. மர்ரலெட் காரணமாக மரவெட்டு குறைந்து வருவாய் நின்றபோது காட்டை விற்றுவிட முனைந்தனர். 2017-இல் அம்முடிவு கைவிடப்பட்டது. மாநில அரசு சுமார் 22 கோடி டாலரைப் பள்ளி நிதிக்கு ஈடுசெய்து, 2022-இல் காட்டுக்கும் அந்நிதிக்கும் இருந்த பிணைப்பை அறுத்தது. பாதுகாப்பின் பயன் நாடு முழுவதற்கும் உரியது. அதன் சுமை ஒரு சிற்றூரின்மீதே விழுமாயின் அப்பாதுகாப்பு நிலைக்காது. சுமையைப் பகிரும் வழியைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே வகுத்தல் மலிவானது. வழக்குகளுக்குப் பின் வகுத்தல் செலவு மிக்கது.

கழிவு விகிதத்தின் எல்லை

பொருளாதார மாணவர்களுக்காக ஒன்று. எதிர்கால நன்மையை ஒரு கழிவு விகிதத்தால் குறைத்து இன்றைய மதிப்பாக்குகிறோம். ஐந்து விழுக்காடு எனக் கொண்டால், நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் கிடைக்கும் ஓர் இலட்சம் ரூபாயின் இன்றைய மதிப்பு சுமார் 66 ரூபாய்தான். இன்று நடும் கன்று மர்ரலெட்டுக்கு ஏற்ற மரமாவது அத்தகைய தொலைவில். அப்படியிருக்க, இன்று வெட்டும் முதுமரத்தையும் இன்று நடும் கன்றையும் ஒன்றுக்கொன்று ஈடென எழுதுவது நம் சொந்தச் சூத்திரத்திற்கே முரணானது. நட்டு உண்டாக்கும் காட்டின் பயனுக்குக் கழிவு விகிதத்தைக் கையாளாமல் விட்டு, காக்கும் காட்டின் பயனுக்கு மட்டும் கையாள்வோமாயின் தராசு முன்னமேயே சாய்ந்துவிடுகிறது.

நமக்குரியவை

நம் வன அளவைத் துறையின் 2023-ஆம் ஆண்டு அறிக்கையின்படி இந்தியாவின் வனப்போர்வை 7,15,343 சதுர கிலோமீட்டர்; நிலப்பரப்பில் 21.76 விழுக்காடு. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரமுடிகள் பத்து விழுக்காட்டுக்கு மேல் நிழல் பரப்பின், அது தோட்டமாயினும் இக்கணக்கில் சேரும். அந்த அறிக்கையே அடர்த்தியை வகைப்படுத்திக் காட்டவும் செய்கிறது. மாநிலத்தின் மொத்த எண்ணுடன் படிப்பதை நிறுத்திக்கொள்வது நம் பழக்கமாகிவிட்டது.

1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் திருத்தமும் புதுப்பெயரும் பெற்றது. அதன்கீழ் ஈடுசெய் காடு வளர்ப்பும், 2002 முதல் நீதிமன்ற ஆணைப்படி நிகர இன்றைய மதிப்பும் கேட்கப்படுகின்றன. அந்நிதிக்கெனத் தனிச் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டது. ஏற்பாடுகள் உள்ளன. கேட்க வேண்டிய கேள்விகள் கோப்பில் இடம்பெற வேண்டும். எடுக்கப்படும் காட்டின் வயது என்ன? சாலையோ மின்தடமோ அதனை எத்தனைத் துண்டுகளாக்கும்? எஞ்சும் உட்காடு எவ்வளவு? விளிம்பிலேயே பாதையை அமைக்க இயலுமா? முதுமரத்தின் பொந்தில் முட்டையிடும் இருவாச்சிக்கு, பத்தாண்டுக் கன்றுத் தோட்டம் எத்தனை ஹெக்டேர் கொடுத்தாலும் வீடாகுமா?

இவற்றுக்கு விடையெழுதப் பெருஞ்செலவு ஆகாது. ஒரு வரைபடமும் சற்று நேரமும் போதும். அலுவலர்களாகிய நீங்கள் குறிப்பெழுதும் தாளில் பரப்புக்கு அருகே இன்னும் இரண்டு பத்திகளைச் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்: ஒன்று காட்டின் வயது, மற்றொன்று எஞ்சும் உட்காடு. அவை நிரப்பப்படாத கோப்பில் கையெழுத்திடுமுன் ஒருமுறை திருப்பி அனுப்புங்கள்.