உமிழ்வது எது? கொள்வது எது?

(ஸ்ரீரங்கம் குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அறிவியல் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்றே 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் ஒரு சங்கம் அமைத்தார்கள். நூறாண்டு கடந்த அந்த வேலை நம் வகுப்பறையில்தான் நிறைவு பெறுகிறது. ஆலைகளில் ஆற்றல் வெளிப்படுவது தொடர்பான சில சொற்களை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

'வெப்ப உமிழ்வினை', 'வெப்பக் கொள்வினை' இரண்டும் நல்ல சொற்கள். வெப்பம் வெளியே வருகிறதா, உள்ளே போகிறதா என்பதைச் சொல்லே காட்டுகிறது. ஆனாலும் மாணவர்கள் மாற்றி எழுதுகிறார்கள். சொல் மனப்பாடமாகிறது, பொருள் கண்ணில் படவில்லை.

அந்தப் பொருள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. டால்மியாபுரத்தில் சிமெண்ட் ஆலை இருப்பதை மாணவர்கள் அறிவார்கள். அங்கே சூளையில் சுண்ணாம்புக்கல் சிதைவதற்கு ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை வேண்டும். வெப்பம் கொடுப்பதை நிறுத்தினால் வினையும் நின்றுவிடும். இது கொள்வினை. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினாலோ, அடுப்பில்லாமலே கொதிக்கிறது. இது உமிழ்வினை. முன்னதைச் 'சுடுதல்' என்றும் பின்னதை 'நீற்றுதல்' என்றும் நம் கொத்தனார்கள் காலங்காலமாகச் சொல்லிவந்தார்கள். பழைய காரைச் சுவர்கள் அப்படி நீற்றிய சுண்ணாம்பில் எழுந்தவை. இந்த இரண்டு சொற்களில் தொடங்கிப் பாடநூல் சொற்களுக்கு வாருங்கள். நீற்றிக் காட்டுவதை மட்டும் ஆசிரியரே செய்யவேண்டும். தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. செய்தித்தாளில் அது 'கார்பன் உமிழ்வு'. "உமிழ்கிறது, அப்படியானால் உமிழ்வினைதானே ஐயா?" என்று ஒரு மாணவன் கேட்டால், அது நல்ல கேள்வி. அங்கே உமிழப்படுவது வாயு, கொள்ளப்படுவது வெப்பம். ஆகவே 'வெப்ப' என்ற முன்பகுதியை விட்டுவிட்டு வெறுமனே 'உமிழ்வினை' என்று நான் இப்போது சொன்னதைப்போல வகுப்பில் சுருக்கிச் சொல்லக் கூடாது.

அடுத்தது 'வெடிப்பு'. வயலில் வெடிப்பு, காலில் பித்தவெடிப்பு என்கிறோம். அங்கெல்லாம் அது பிளவு. பட்டாசு ஆலையில் வெடிப்பு என்றால் பொருள் வேறு. நம் திருவெறும்பூர் பெல் ஆலையில் கொதிகலன்கள் செய்கிறார்கள். 'கொதிகலனில் வெடிப்பு' என்று எழுதினால் எதை நினைப்பது? இரண்டுக்கும் தொடர்பும் உண்டு. அழுத்தத்தில் இருக்கும் நீர் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும். சுவர் பிளந்தால் அழுத்தம் சட்டென்று குறைந்து, நீரின் ஒரு பகுதி நொடியில் ஆவியாகிறது. சாதாரண அழுத்தத்தில் நீராவியின் பருமன் நீரைப்போல் 1,600 மடங்குக்கும் மேல். முதலில் வந்தது விரிசல். பின்னர் நடந்தது வெடிப்பு. விரிசலோடு கண்டுகொண்டால் பழுது பார்க்கலாம். நம் பிள்ளைகளில் பலர் ஐடிஐ முடித்து இத்தகைய பட்டறைகளுக்குத்தான் போகிறார்கள். அங்கே எச்சரிக்கைப் பலகையைப் படிக்கும்போது இந்த வேறுபாடு உயிர் காக்கும்.

எனவே ஒவ்வொரு சொல்லோடும் சில கேள்விகளைக் கேட்கப் பழக்குவோம்: வெளிவருவது எது? எங்கிருந்து எங்கே போகிறது? மெதுவாகவா, நொடியிலா? இவற்றுக்கு விடை சொல்லும் மாணவருக்குக் கலைச்சொல் சுமையாக இருக்காது.