கணக்கைக் கண்டு கலங்கும் குழந்தைகள்

(மகாவீரர் பிறந்தநாள் விழாவில் ஆற்றிய உரை)



முப்பதாண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் கற்பித்தவர் கணக்கைப் பற்றிப் பேச வருவானேன் என்று சிலர் எண்ணலாம். எண்களின் பெயர்கள் தமிழ்ச் சொற்கள். குழந்தை கணக்கில் முதலில் இடறி விழும் இடம் பல வேளைகளில் அச்சொற்களே. ஆகவே இது தமிழாசிரியருக்கும் உரிய பொருள்தான்.

நம் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. ஆனால் கல்விக்கு வறண்ட பூமியன்று. ஆவியூரை அடுத்த குறண்டியில் திருக்காட்டாம்பள்ளி என்னும் பெரும் சமணப் பள்ளி விளங்கியது. அப்பள்ளியைச் சேர்ந்த ஆசிரியர், மாணாக்கர் பெயர்களை மதுரைக்கு அருகிலுள்ள சமணமலையிலும் கழுகுமலையிலும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் இன்றும் காணலாம். திருச்சுழிக்கு அருகில் பள்ளிமடம் என்றே ஓர் ஊர் உண்டு. துறவியர் உறைவிடத்தைக் குறித்த 'பள்ளி' என்னும் சொல்லே இன்று பள்ளிக்கூடத்தில் வாழ்கிறது.

அத்தகைய மண்ணில், பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வோடு படிப்பை நிறுத்திவிட்டு நூற்பாலைக்கும் பட்டாசு வேலைக்கும் சென்ற பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். அவர்களிற் பலர் அறிவிற் குறைந்தவர் அல்லர். செய்யுளை இருமுறை கேட்டாலே ஒப்புவிக்கும் மாணவி ஒருத்தி, ஏழாம் வாய்ப்பாடு என்றதும் கை வியர்த்து நிற்பாள்.

இங்கே இரண்டு செய்திகளைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று, கற்றல் குறைபாடு. எழுத்தைப் படிப்பதில் இடர்ப்படுவோர் இருப்பதுபோல, எண்ணின் அளவை உணர்வதில் இயல்பாகவே இடர்ப்படும் குழந்தைகள் உண்டு. செக்கோஸ்லோவாக்கிய உளவியலார் லாடிஸ்லாவ் கோஷ்ச் 1974இல் இதனை விரிவாக ஆராய்ந்து எழுதினார். 'டிஸ்கால்குலியா' என இதனை வழங்குவர். நூற்றுக்கு மூவர் முதல் அறுவர் வரை இவ்விடர் உடையவர் எனப் பல ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. அஃதாவது, நாற்பது பேர் கொண்ட வகுப்பில் ஓரிருவர். நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இதனைப் பெயர் சுட்டி ஏற்றுள்ளது.

மற்றொன்று, அச்சம். இது குறைபாடு உடைய குழந்தைக்கும் வரும். இல்லாத குழந்தைக்கும் வரும். மனக்கணக்குப் போடும்போது இடையில் வரும் எண்களை மனம் சற்று நேரம் தாங்கி நிற்க வேண்டும். 'தவறிவிடுமோ, சிரிப்பார்களோ' என்னும் கலக்கம் அவ்விடத்தை அடைத்துக்கொள்கிறது. தெரிந்த விடையும் அப்போது மறைந்துபோகிறது. அடித்தால் கணக்கு வரும் என்பது எவ்வளவு பொய் என்பது இதனால் விளங்கும்.

இனி, சொற்களுக்கு வருவோம். இருபது, முப்பது, நாற்பது எனச் சொல்லிவரும் குழந்தைக்கு எண்பது வரை ஓர் ஒழுங்கு தெரிகிறது. அதன்பின் வருவதோ தொண்ணூறு! பத்து இருக்க வேண்டிய இடத்தில் நூறு ஒலிக்கிறது. அவ்வாறே தொள்ளாயிரத்தில் ஆயிரம் ஒலிக்கிறது. இப்புணர்ச்சிக்குத் தொல்காப்பியரும் நன்னூலாரும் விதி கூறியுள்ளனர். ஏழு வயதுக் குழந்தை நன்னூல் அறியாது. 'தொண்ணூற்றிரண்டு' என்று கேட்டு, 102 என்று எழுதுகிறது. 'முந்நூற்று நான்கு' என்றால் முதலில் 300, அடுத்து 4 என வைத்து 3004 என்று எழுதுகிறது. அது சோம்பலன்று, காது கேட்டதைக் கை எழுதியது. சிவப்பு மையால் பெருக்கற்குறி இடுவதற்கு முன், 'ஏன் இப்படி எழுதினாய், தங்கம்?' என்று கேட்டால் அக்குழந்தையே காரணத்தைச் சொல்லிவிடும்.

இதற்கு மருந்து எளியது. 300 என்று ஓர் அட்டையிலும், 4 என்று ஒரு சிறிய அட்டையிலும் எழுதுங்கள். முதல் அட்டையின் கடைசிச் சுழியத்தின் மேல் நான்கை வையுங்கள். 304 கண்முன் தோன்றும். மறைந்த சுழியம் அடியில் இருப்பதையும் குழந்தை தூக்கிப் பார்க்கும்.

கழித்தலில் 'பக்கத்து வீட்டில் கடன் வாங்கு' என்கிறோம். யாரிடம், எதற்குக் கடன் என்று குழந்தைக்கு விளங்குவதில்லை. 52இலிருந்து 27ஐக் கழிக்க வேண்டுமா? ஐந்து பத்து ரூபாய்த் தாள்களையும் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களையும் கையில் கொடுங்கள். ஏழு நாணயம் கேளுங்கள். இல்லையே! ஒரு பத்து ரூபாய்த் தாளைச் சில்லறை மாற்றச் சொல்லுங்கள். இப்போது நான்கு தாள், பன்னிரண்டு நாணயம். ஏழு நாணயமும் இரண்டு தாளும் கொடுத்தபின் எஞ்சுவது 25. முதலில் பொருள், அடுத்துப் படம், இறுதியில் எண் என்னும் வரிசையை மாற்றலாகாது.

புளியங்கொட்டையும் பல்லாங்குழியும் இல்லாத வீடு நம் பக்கம் அரிது. நாலு குழியில் ஐந்தைந்து முத்து இட்டால் அதுவே வாய்ப்பாடு. பூக்காரர் முழம் போடுவதிலும், நெசவாளர் பாவு இழை எண்ணுவதிலும் கணிதம் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில், இராட்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில் வாழ்ந்த சமணப் பேரறிஞர் மகாவீராசாரியர், கணிதசாரசங்கிரகம் என்னும் நூலில் மாம்பழப் பங்கீட்டையும் அறுந்த முத்துமாலையையும் கொண்டே கணக்கு அமைத்தார். அந்நூலை 1912இல் சென்னையில் ரங்காசாரியர் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தார். கண்டதையும் தொட்டதையும் கொண்டு கற்பிப்பது புதுமையன்று. நம் முன்னோர் நடந்த வழி.

பெற்றோருக்கு மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, விரைவை அளவுகோலாக்காதீர்கள். கரிசற்காட்டில் ஈரம் பார்த்துத்தான் விதைக்கிறோம். குழந்தைக்கும் அப்பதம் உண்டு. இரண்டாவது, 'அக்காள் போடுகிறாள், உனக்கு ஏன் வரவில்லை?' என ஒப்பிடாதீர்கள்; 'எனக்கும் கணக்கு வராது, நம் குடும்பத்துக்கே அப்படித்தான்' என்றும் சொல்லாதீர்கள். முன்னது அச்சத்தை விதைக்கும். பின்னது முயற்சியை அறுக்கும். மூன்றாவது, நெடுநாள் முயன்றும் சிறு எண்களே தடுமாற்றம் தந்தால், மறைக்காமல் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரை அணுகுங்கள். உரிய மருத்துவச் சான்று பெற்றால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் உள்ளிட்ட சலுகைகள் உண்டு. சான்று பெறுவது இழிவன்று. கண்ணாடி அணிவது போன்றதே.

அறக்கட்டளையார்க்கும் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் முதல் மதிப்பெண் பெற்றோர்க்குப் பரிசளிக்கிறீர்கள், நன்று. அத்துடன், கணக்கில் பின்தங்கிய குழந்தைகளுக்கு மாலைநேர வகுப்பு ஒன்றும் தொடங்குங்கள். எட்டுப் பேருக்கு மேல் வேண்டா. மணி அடித்துப் போட்டி வைத்தலும் வேண்டா. நம் சமூகத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் பலர் உளர். வாரம் இரு மாலைகளை அவர்கள் தருவார்கள், நானும் தருவேன்.

எறும்புக்கும் ஊறு நேராமல் அடியெடுத்து வைக்கக் கற்பித்தது நம் அறம். மனத்தாலும் சொல்லாலும் உடலாலும் துன்புறுத்தாமையே அகிம்சை. கரும்பலகை முன் நிற்கும் குழந்தையை நோக்கி 'மண்டு' என்று சொல்லும் ஒரு சொல், சில வேளை அக்குழந்தையின் கல்வியையே முடித்துவிடும். அச்சொல்லை இன்றே நம் வீடுகளிலிருந்து நீக்குவோம். அக்குழந்தையின் அருகில் அமர்ந்து, மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவோம்.