கட்டவேண்டாத வரிக்காகச் சிறை சென்ற பெண்



ராஜவாய்க்கால் பாயும் ஜேடர்பாளையத்தில், இந்த அறக்கட்டளையின் மேடையில் பேசுகிறேன். கரும்பு வெட்டுகிற பாடும் வெல்ல ஆலையின் அனலும் நான் சொல்லி உங்களுக்குத் தெரியவேண்டியதில்லை. அதே கரும்புதான் நம்மவர்களைத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு இழுத்தது. சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் ஏறத்தாழ 1,52,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் சென்னை மாகாணத்தார். தாது வருஷப் பஞ்சத்தில் நொந்த நம் சேலம் ஜில்லாவிலிருந்தும் ஆட்கள் கப்பலேறினார்கள்.

அந்தக் கூலிகளுக்காகச் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மையின் குடும்பமோ கூலிக் குடும்பமன்று. தந்தை முனுசாமி முதலியார், ஜோகன்னஸ்பர்க்கில் சிறு வணிகர். தங்கம் கிடைத்ததால் 1886இல் முளைத்த நகரம் அது. அங்கே 1898இல் வள்ளியம்மை பிறந்தார். பெயரோடு ஒட்டிய தில்லையாடி என்ற ஊரை அவர் கண்ணால் கண்டதே இல்லை.

மூன்று பவுண்டு

ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் செய்யாமல் நேட்டாலில் தங்குகிறவர் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி கட்டவேண்டும் என்று 1895இல் சட்டம் வந்தது. பிறகு அது பிள்ளைகள்மேலும் விழுந்தது: பையன்களுக்கு 16 வயது, பெண்களுக்கு 13 வயது முதல். ஒப்பந்தக் கூலிக்கு முதல் ஆண்டில் மாதச் சம்பளம் 10 ஷில்லிங். 3 பவுண்டு என்றால் 60 ஷில்லிங். ஆறு மாத உழைப்பு. கணவன், மனைவி, வயது வந்த பிள்ளைகள் என்று கூட்டிப் பாருங்கள். மீண்டும் தோட்டத்துக்கே திரும்பச் செய்யும் வரி அது.

1913 மார்ச்சில் கேப் நீதிமன்றம் இன்னொரு இடியை இறக்கியது. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவாகாத திருமணங்கள் செல்லாது என்றது. இந்தத் தீர்ப்பு வள்ளியம்மையின் தாய் மங்களத்தையும் தொட்டது. நேட்டாலின் வரியோ, ஜோகன்னஸ்பர்க் இருந்த டிரான்ஸ்வாலில் வாழ்ந்த அந்தக் குடும்பத்தைத் தொடவில்லை. ஆனாலும் அதை எதிர்த்துத்தான் தாயும் மகளும் நேட்டாலுக்குள் போனார்கள்.

காந்தியின் சத்தியாக்கிரகத்தில் முதலில் நேட்டாலுக்குச் சென்ற பெண்கள் குழுவின் பேச்சைக் கேட்டு நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அக்டோபர் இறுதியில் புறப்பட்ட அடுத்த குழுவில் மங்களமும் பதினைந்து வயது வள்ளியம்மையும் இருந்தார்கள். ஊர் ஊராகப் போய், வரியின் அநியாயத்தைத் தொழிலாளர்களிடம் எடுத்துச் சொன்னார்கள். டிசம்பரில் மூன்று மாதக் கடுங்காவல், மாரிட்ஸ்பர்க் சிறை. அங்கே காய்ச்சல் பற்றியது. முன்கூட்டியே விடுவிக்க அதிகாரிகள் முன்வந்தபோது வள்ளியம்மை மறுத்தார். விடுதலையாகி வந்த சில நாளில், 1914 பிப்ரவரி 22 அன்று காலமானார். அதற்குமுன் அவரை நோய்ப்படுக்கையில் கண்ட காந்தி, சிறை சென்றதற்காக வருந்துகிறாயா என்று கேட்டதையும், இப்போதே கைது செய்தாலும் போவேன் என்ற பொருளில் அவர் விடையளித்ததையும் தம் தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரக நூலில் எழுதியிருக்கிறார். அதே ஆண்டில் வரி ஒழிந்தது. திருமணங்களும் சட்டத்தின் ஏற்பைப் பெற்றன.

நம் கடன்

வள்ளியம்மையைத் தியாகி என்று வணங்கிவிட்டுப் போவது எளிது. தன் வீட்டுக்கு வராத துன்பத்தைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டதே அவர் வாழ்வின் சாரம் என்பேன். அவர் யாருக்காகப் போனாரோ அவர்களில் சேலம் ஜில்லாக்காரர்களும் உண்டு. நேட்டால் கப்பல் பதிவேடுகளில் பெயர், தந்தை பெயர், வயது, ஜில்லா, தாணா, கிராமம் எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன. இந்த அறக்கட்டளை அவற்றிலிருந்து நம் வட்டாரத்து ஊர்களைத் தேடி, போனவர்களின் பெயர்களை ஒரு சிறு நூலாக்கவேண்டும். பள்ளி மாணவர்களே அந்த வேலையைச் செய்யலாம். வள்ளியம்மையின் வயதில் இருப்பவர்கள் அவர்கள்தாமே.