வழிவழி வந்த வழக்கும் வள்ளலார் உரைத்த மெய்யும்



போடிநாயக்கனூரிலிருந்து கொட்டகுடி ஆற்றை ஒட்டி வடமேற்கே செல்லும் சாலை குரங்கணியை அடைகிறது. அதற்கு மேல் மலைப்பாதை. மூணாற்றுத் தேயிலை சிறுரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியவாறு இச்சரிவில் இறங்கிய காலம் ஒன்று உண்டு. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயில்பாதையை அடித்துச் சென்றது. தேயிலை இறங்கிய திசைக்கு எதிர்த்திசையில் மனிதர்கள் ஏறினர். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது ஆண்டுப் பஞ்சம் நடந்துகொண்டிருந்த 1877-இல்தான் பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை மன்றோ என்னும் ஆங்கிலேயர் குத்தகைக்குப் பெற்றார். காடு தோட்டமாயிற்று. வறண்ட ஊர்களின் மக்கள் கூலிகளாயினர். மலையேறியவர்கள் முதலில் சுமந்து சென்றது பசியை. அதனோடு குலதெய்வத்தின் பிடிமண்ணையும் சிலர் எடுத்துச் சென்றிருப்பர்.

ஆகவே இம்மலையடிவாரத்தில் ஆன்மிகம் பற்றிப் பேசுங்கால் பசியையும் குடும்ப வழக்கத்தையும் விலக்கிவைத்துப் பேசுதல் பொருந்தாது. இவ்விரண்டையும் ஒருங்கே தொட்டு, தம் மெய்யை மறைக்காது உரைத்தவர் வடலூர் இராமலிங்க அடிகள். அவர் பெயரை ஒளியோடும் கஞ்சியோடும் சேர்த்து நினைப்பது தமிழர் வழக்கம். வீட்டோடு சேர்த்து நினைப்பது குறைவு. அவ்வகையில் அவரைக் காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 5-10-1823-இல் பிறந்தவர் அவர். தந்தையார் இராமையா பிள்ளை ஊர்க்கணக்கர், பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர். அன்னையார் சின்னம்மை. குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்த குடும்பம் பொன்னேரி சென்று, பின் சென்னையில் குடியேறியது. தமையனார் சபாபதி பிள்ளை புராணச் சொற்பொழிவு செய்து அக்குடும்பத்தைக் காத்தார். இது நோக்கத்தக்கது. அவ்வீட்டில் சைவம் வழிபாடு மட்டுமன்று, அடுப்பெரியச் செய்யும் தொழிலும் ஆகும். பெரிய புராணம் அறியாத பிள்ளை அவ்வீட்டில் வளர இயலாது.

ஆயினும் அப்பிள்ளை பள்ளிக்குச் செல்லாது கந்தகோட்டத்து முருகன் சந்நிதியில் பொழுதைக் கழித்தது. தமையனார் சினந்தார், வீட்டில் சோறிடலாகாது என்றார். அண்ணியார் கணவர் அறியாமல் பின்கட்டில் அழைத்துச் சோறிட்டார் என்றும், தந்தையாரின் திதி நாளில் அவர் கண்ணீர் மல்கியதைக் கண்டே இளையவர் வீடு திரும்ப இசைந்தார் என்றும் வரலாறு கூறுவோர் கூறுவர். பிற்காலத்தில் திதி வேண்டாம் என்று எழுதியவரை அன்று வீட்டிற்கு மீட்டது ஒரு திதி நாளே. அது சடங்கின் ஆற்றலா, சோறிட்ட கையின் ஆற்றலா என்று கேட்டால், பின்னதே என்று துணிந்து விடை கூறலாம்.

தமையனார்க்கு உடல்நலம் குன்றியபோது அவருக்கு மாற்றாகச் சென்று திருஞானசம்பந்தர் வரலாற்றை விரித்துரைத்து அவையோரை வியக்க வைத்த நிகழ்ச்சி யாவரும் அறிந்தது. 1850-ஐ ஒட்டி உற்றார் வற்புறுத்தலால் தமக்கையார் மகள் தனகோடி அம்மையாரை மணந்தார். இல்லற வாழ்வில் அவர் உள்ளம் செல்லவில்லை. வரலாறு எழுதியோர் தனகோடி அம்மையாரைப் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றனர். ஞானியரின் வரலாறுகளில் மனைவியர்க்கு வாய்க்கும் இடம் எப்போதும் இத்துணைதான் போலும்.

1858-இல் சென்னையை நீங்கிய அடிகள், தலங்கள் பலவற்றை வணங்கிக் கருங்குழியில் தங்கினார். 1866-ஐ ஒட்டி மழை பொய்த்துப் பஞ்சம் பரவிற்று. மறு ஆண்டு, 23-5-1867-இல், வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கப்பெற்றது. ஊர்மக்கள் எண்பது காணி நிலம் அளித்தனர். அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் இன்றும் எரிந்து வருகிறது. சாதி கேளாமல், சமயம் கேளாமல், பசித்தவர் என்ற ஒரே தகுதிக்குச் சோறு. பசி நீக்குதலைப் புண்ணியச் செயல்களுள் ஒன்றாக வைத்தோர் அவருக்கு முன்னரும் பலர். அதனையே கடவுள் வழிபாடு என்று வைத்தவர் அவர். பின்கட்டில் ஒளிந்து உண்ட சிறுவன் பெரியவனாகி, யாரும் ஒளியாமல் உண்ண ஒரு சாலை அமைத்தான் என்று கொள்வதில் பிழையில்லை.

இனி, மெய்யுரைத்தல் என்னும் பகுதிக்கு வருவோம். 1865-இல் அவர் அமைத்த சங்கத்தின் பெயர் ‘சமரச வேத சன்மார்க்க சங்கம்’. 1872-இல் அது ‘சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம்’ என மாற்றப்பெற்றது. வேதம் என்ற சொல் நீங்கியது. சுத்தம், சத்தியம் என்ற சொற்கள் ஏறின. ஏழே ஆண்டுகளில் ஒருவர் தாம் இட்ட பெயரைத் தாமே திருத்துகிறார். அமைப்புகள் பெயரை மாற்றத் தயங்கும்; முத்திரை, முகவரி, மரபு எனக் காரணம் பல காட்டும்.

22-10-1873-இல் மேட்டுக்குப்பம் சித்திவளாகத் திருமாளிகையில் சன்மார்க்கக் கொடியை உயர்த்தி அவர் ஆற்றிய பேருபதேசம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. சமய நூல்களிலும் சாத்திரங்களிலும் இலட்சியம் வைக்க வேண்டாம் என்று அங்கே அறிவுறுத்துகிறார். இவ்வாறு கூறிய சீர்திருத்தக்காரர் உலகில் பலர். ஆனால் அவர்கள் பிறருடைய மூடத்தனத்தைச் சான்று காட்டுவர். அடிகள் காட்டிய சான்று தாமே. தமக்கும் முன்பு சைவ சமயத்தில் அளவிறந்த பற்று இருந்தது என்கிறார். அது தொழுவூர் வேலாயுத முதலியார் முதலான அன்பர்க்குத் தெரியும் என்கிறார். தம் முந்தைய பாடல்களே அதற்குச் சாட்சி என்றும், அக்காலத்துத் தம் அறிவு சிறிதாக இருந்தது என்றும் உரைக்கிறார்.

அம்முந்தைய பாடல்கள் யாவை? 1867-இல் வேலாயுத முதலியார் அச்சேற்றிய திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகளில் அடங்கியவை. நெஞ்சுருகி அடியார்கள் ஓதிக்கொண்டிருந்தவை. அவை அருட்பா அல்ல என்று ஆறுமுக நாவலர் தரப்பினர் 1869-ஐ ஒட்டி மறுத்தெழுத, மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை வழக்குச் சென்றது. தம் பாடல்களுக்காக அன்பர்கள் கொதித்தெழுந்து வாதாடிக்கொண்டிருந்த காலத்தை அடுத்து, பாடியவரே அவற்றைத் தம் அறிவு வளராத காலத்துச் சான்றாக வைக்கிறார். அன்பர்க்கு அது எத்துணை இடராக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். எதிரியின் முன் மெய்யுரைப்பது எளிது, கைதட்டல் கிடைக்கும். தம்மை நேசிப்போர் முன், அவர்கள் எதற்காக நேசிக்கிறார்களோ அதனையே விட்டுக்கொடுத்து மெய்யுரைப்பது வேறு வகை. சமய வேறுபாடுகளை முற்றாக மறுக்கும் பாடல்கள் மிகுந்த ஆறாம் திருமுறை, 1874 தை மாதத்தில் அடிகள் திருவறையுள் புகுந்து பல ஆண்டுகள் சென்றபின், 1885-இல்தான் அச்சேறியது. மெய் சொல்லப்பட்டதற்கும் அச்சேறியதற்கும் இடையே அத்தனை ஆண்டு இடைவெளி.

அதைக் காட்டிலும் நீண்ட இடைவெளி ஒன்று உண்டு. அது வீட்டிற்குள் இருக்கிறது.

1871-இல் அடிகள் ‘சமாதி வற்புறுத்தல்’ என்னும் அறிக்கை ஒன்றை அன்பர்க்கு விடுத்தார். இறந்தோரைச் சுடாமல் புதைக்க வேண்டும் என்பது அதன் மையக்கருத்து. அக்கருத்தை ஏற்போரும் மறுப்போரும் அவரவர் குல வழக்கிற்கேற்ப இருக்கலாம். ஆனால் அவ்வறிக்கையில் வேறு சில சொற்களும் உள. கணவன் இறந்தால் மனைவி தாலி வாங்குதல் வேண்டாம் என்கிறார். மனைவி இறந்தால் கணவன் மறுமணம் செய்ய வேண்டாம் என்கிறார். கருமச் சடங்குகள் வேண்டாம் என்கிறார். கைம்மை நோன்பு அறமென்று கற்றோரும் போற்றிய காலத்தில், அரசு ஆணையாக அன்றி, மேடை முழக்கமாகவும் அன்றி, ஒவ்வொரு வீட்டிற்கும் உரிய நடைமுறைக் குறிப்பாக அதனை எழுதுகிறார். மறுமணத்தைப் பொறுத்தவரை அவர் கருத்து இக்காலத்திற்கு ஒவ்வாததாகத் தோன்றலாம். எனினும் கட்டுப்பாட்டைப் பெண்ணுக்கு மட்டும் வைக்காமல் ஆணுக்கும் வைத்த நேர்மையை மறுத்தற்கில்லை.

இவ்வறிக்கைக்கு நேர்ந்தது என்ன? வடலூரின் ஒளியைத் தமிழகம் ஏற்றுக்கொண்டது. தைப்பூசத்தன்று ஏழு திரைகள் விலகக் காண இலட்சக்கணக்கானோர் கூடுகின்றனர். அடிகள் பிறந்த நாளைத் தனிப்பெருங்கருணை நாளாகத் தமிழக அரசு 2021-இல் அறிவித்தது. சத்திய ஞான சபையிலேயே அவர் நெறிக்குப் புறம்பாகச் சிவலிங்க வழிபாடு நுழைந்து, பரம்பரை உரிமை பேசப்பட்டபோது, அறநிலையத்துறையும் பின்னர் உயர் நீதிமன்றமும் தலையிட்டு அவர் வகுத்த முறையே நடைபெற வேண்டும் என்றன. சபையின் மரபைக் காக்க நீதிமன்றம் உண்டு. வீட்டின் உள்ளறைக்கு நீதிமன்றம் வருவதில்லை.

போடியின் ஏலக்காய்க் கிடங்குகளில் காய் தரம் பிரிப்போர் பெரும்பாலும் பெண்கள். மலைத்தோட்டங்களில் குனிந்து காய் எடுப்போரும் அவர்களே. ஏலச்செடி தன் காயைத் தரையை ஒட்டிய சரத்தில் வைப்பதால், எடுப்பவர் நாள் முழுதும் முதுகு நிமிர இயலாது. அப்பெண்களுள் கணவனை இழந்தோர் பலர். வீட்டிற்குச் சோறு அவர்கள் கூலியிலிருந்து வருகிறது. மாசிச் சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பம் புறப்படும்போது வண்டிச் செலவும் அதிலிருந்தே செல்கிறது. ஆயினும் அவ்வீட்டு மகளின் திருமணத்தில் மாலை எடுத்துக் கொடுக்க அவர்களை முன்னழைப்பதில்லை. வழக்கமில்லை என்ற ஒரு சொல் போதும். அது பொய்யும் அன்று. ஆனால் அந்தத் தாயின் உள்ளத்தில் இருக்கும் மெய்யும் அன்று.

குடும்ப வழக்கம் முழுதும் தீது என்று கூறுவது நன்றி மறத்தலாகும். தமிழையும் புராணத்தையும் அடிகளுக்கு அளித்தது அவர் வீடு. மலையேறிய பசித்தோர்க்குத் துணை நின்றது அவர்தம் குலதெய்வம். பங்காளிகளை ஆண்டுக்கொருமுறை ஒரே அடுப்பில் பொங்க வைப்பதும் அவ்வழக்கமே. எனினும் வழக்கத்தை அன்போடு பெற்றவர்க்கே அதிலொன்றைத் தவறென்று சொல்லும் தகுதி மிகுதி. பெறாதவர் சொல்வது அயலார் குறை. பெற்றவர் சொல்வது வீட்டார் குறை. அதற்கு விடை கூறியே ஆகவேண்டும்.

இறந்தோர் வீட்டில் அருட்பெருஞ்ஜோதி அகவல் ஓதும் பழக்கம் தென்மாவட்டங்களிலும் பரவியிருக்கிறது. அகவலைக் குழுவாக அமர்ந்து ஓதி முடித்த அதே வீட்டில், கருமாதியன்று தாலி வாங்கும் சடங்கும் நடைபெறுகிறது. ஓதியவர்கள் பந்தலில் அமர்ந்திருப்பர். அவ்வேளை ஒரு மகளோ மருமகளோ, “வள்ளலார் இதனை வேண்டாம் என்றாரே” என்று சொல்ல நேர்ந்தால், அச்சொல்லை முதலில் கேட்க வேண்டியவர்கள் பந்தலில் அமர்ந்த ஆடவர் அல்லர். உள்ளறையில் வெள்ளைச் சேலையை எடுத்துவைத்துக் காத்திருக்கும் அவ்வீட்டு மூத்த பெண்களே. அவர்களுள் பலருக்கு அச்சடங்கு முன்னரே நிகழ்ந்திருக்கிறது. அன்று தம் உள்ளத்தில் என்ன இருந்தது என்பது அவர்களுக்குத் தெரியும்.