ஓட்டுவதும் மாட்டுவதும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இலக்கியம் பேசவல்ல அறிஞர்கள் வீற்றிருக்கும் இம்மேடையில், பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு ரயில்வேயில் எழுத்தனாகச் சேர்ந்த என்னையும் பேசுமாறு பணித்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவை இரண்டே. ஒன்று, நாள்தோறும் கண்ணெதிரே நிற்கும் ரயில் வண்டி. மற்றொன்று, விடுமுறைதோறும் போய் வருகின்ற எங்கள் ஊர் வயல். ஆதலின் இவ்விரண்டையும் சேர்த்து ஒரு சிறு பொருளைப் பற்றிப் பேச எண்ணினேன். வயது முதிர்ந்த உழவர்கள் தம் சிறு உழவுப் பொறியில் பருவத்திற்குப் பருவம் கருவிகளைக் கழற்றி மாட்டுவது எங்ஙனம் என்பதே அப்பொருள்.

"திருவனந்தபுரத்துக் காலனியில் வாழும் நமக்கும் டில்லருக்கும் என்ன தொடர்பு?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். தொடர்பு உண்டு. இந்த அவையில் இருப்போரில் பலர் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்களிலிருந்து வந்தவர்கள். அவை 1956 நவம்பர் முதல் நாளன்று தமிழகத்தோடு இணைந்தன; நாமோ பிழைப்பை நாடி இங்கே இருக்கிறோம். ஆயினும் நம் பெற்றோரும் அவர்தம் வயலும் அங்கேதான். "இனி முடியவில்லை, நிலத்தை விற்றுவிடலாமா?" என்று ஊரிலிருந்து ஒரு கேள்வி வருமானால், அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நாமே. அந்தக் கேள்வி எங்கே பிறக்கிறது என்பதைத்தான் இன்று ஆராயப் போகிறேன்.

கேரளத்தின் ஆலுவாவை அடுத்த அத்தாணியில் 1973-ஆம் ஆண்டு அரசு நிறுவனமாகிய காம்கோ தோன்றியது. ஜப்பானின் குபோட்டா நிறுவனத்தின் தொழில்நுட்பத்தைக் கொண்டு அங்கே பவர் டில்லர் செய்யத் தொடங்கினார்கள். பன்னிரண்டு குதிரைத் திறன் உடைய டீசல் எஞ்சின், இரண்டு சக்கரம், பிடித்துக்கொண்டு பின்னே நடக்க இரண்டு கைப்பிடி. கருவியோடு சேர்த்து எடை ஏறக்குறைய அரை டன். ஏர்மாடுகள் குறைந்துவந்த காலத்தில், வரப்பு நெருங்கிய சிறு வயல்களுக்கு இப்பொறி பெருந்துணையாக வந்து சேர்ந்தது.

இப்பொறிக்கு ஓர் இயல்பு உண்டு. எஞ்சின் ஒன்றே, கருவிகள் பல. சேற்றில் இறங்க வேண்டுமானால் ரப்பர் சக்கரங்களைக் கழற்றி, இரும்புக் கூண்டு போன்ற கேஜ் வீல்களை மாட்ட வேண்டும். மண்ணைக் குழைக்கப் பின்புறம் ரோட்டவேட்டர் வேண்டும். வைக்கோலும் எருவும் ஏற்ற வேண்டுமானால் ரோட்டவேட்டரை இறக்கிவிட்டு டிரெய்லரைப் பூட்ட வேண்டும்.

நாஞ்சில் நாட்டின் பருவத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே நெல் இரண்டு பூ. முதற்பூ கன்னிப்பூ, இரண்டாவது கும்பப்பூ. 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையிலிருந்து வழக்கமாக ஜூன் மாதத்தில் தண்ணீர் திறப்பார்கள். அப்போது கேஜ் வீலும் ரோட்டவேட்டரும் பூட்டியாக வேண்டும். ஆவணி, புரட்டாசியில் அறுவடை. அப்போது ரப்பர் சக்கரமும் டிரெய்லரும். வைக்கோல் களத்திற்கு வந்து சேர்ந்த சில நாட்களுக்குள் கும்பப்பூவுக்கு மீண்டும் சேற்று உழவு. ஆகவே மீண்டும் கேஜ் வீல். மாசியில் அறுத்த பின் மறுபடியும் டிரெய்லர். ஆக, ஆண்டுக்கு நான்கு முறை கழற்றி மாட்ட வேண்டும். அவற்றுள் புரட்டாசியில் வருவதுதான் மிக நெருக்கடியானது. நாற்று காத்திராது, வாய்க்காலில் வரும் முறைத் தண்ணீரும் காத்திராது.

எங்கள் குடும்பத்தில் என் பெரிய தகப்பனாருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. டில்லருக்கு இருக்கை பூட்டியிருக்கிறார். அதில் அமர்ந்து இன்றும் காலை முதல் உழுவார். அவர் ஒருநாள் என்னிடம், "ஓட்டச் சொன்னால் பொழுதடையும் வரை ஓட்டுவேன் மக்கா, மாட்டத்தான் ஒக்கவில்லை" என்றார். என் உரையின் சாரம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. முதுமை உழவனிடமிருந்து உழவை முதலில் பறிப்பதில்லை; கருவி மாற்றும் வலிமையையே முதலில் பறிக்கிறது. ஓட்டுவதற்குப் பழக்கம் போதும். மாட்டுவதற்கோ இடுப்பு, தோள், கைப்பிடி, கண் ஆகிய நான்கும் ஒருசேர வேண்டும். நாற்பதைக் கடந்தால் கிட்டப் பார்வை மங்குகிறது. அறுபதைக் கடந்தால் தசை விரைவாக மெலிகிறது. மங்கிய கண்ணோடு துளைக்கு நேரே துளையை வைத்து, மெலிந்த கையால் துருப்பிடித்த போல்ட்டைத் திருகுவது எளிய செயலா?

பாரம் தூக்குவதற்கு ஒரு கணக்கு உண்டு. அமெரிக்க நாட்டின் தொழில் நலக் கழகம் 1991-இல் வகுத்த கணக்கின்படி, உடலோடு ஒட்டி, இடுப்பளவு உயரத்தில், திருகாமல் குனியாமல் தூக்குகின்ற மிக நல்ல நிலையிலேயே 23 கிலோதான் தகுந்த பாரம். குனிந்தும் எட்டியும் தூக்கினால் அந்த அளவு இன்னும் குறையும். சிறு டிராக்டரில் மாட்டும் ரோட்டவேட்டரோ நூறு கிலோவைத் தாண்டும். இளைஞர்க்கும் பொருந்தாத பாரத்தை முதியவர் தனியே நெம்பிக்கொண்டிருக்கிறார் என்றால், குறை அவருடைய வயதில் மட்டும் இல்லை. நாம் செய்து வைத்திருக்கும் ஏற்பாட்டிலும் இருக்கிறது.

இங்கே ரயில்வேயிலிருந்து ஒரு பாடம் சொல்ல விரும்புகிறேன். பழைய பெட்டிகளில் இருபுறமும் பஃபர்களும், நடுவே திருகு இணைப்பும் இருந்தமை பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதை மாட்டுவதற்கு ஓர் ஊழியர் இரண்டு பெட்டிகளுக்கும் இடையே நுழைந்து, கனத்த இரும்பு வளையத்தைத் தூக்கிக் கொக்கியில் போட்டுத் திருகி இறுக்க வேண்டும். அமெரிக்காவில் அக்காலத்து இணைப்புகளை மாட்டும்போது விரலையும் கையையும் உயிரையும் இழந்தோர் மிகப் பலர். அந்நாட்டில் வர்ஜீனியாவைச் சேர்ந்த ஈலை ஜேனி என்பவர் தானே பூட்டிக்கொள்ளும் இணைப்பு ஒன்றைக் கண்டு 1873-இல் காப்புரிமை பெற்றார். அவர் ஒரு துணிக்கடையில் எழுத்தராக இருந்தவர் என்பதை, எழுத்தன் என்ற முறையில் சற்றுப் பெருமிதத்தோடு சொல்லிக்கொள்கிறேன். 1893-இல் அங்கே இத்தகைய இணைப்பைச் சட்டம் கட்டாயமாக்கியது. விபத்துகள் பெரிதும் குறைந்தன. இன்று நம் எல்.எச்.பி. பெட்டிகளில் இருப்பதும் அவ்வழி வந்த நடு இணைப்பே. ரயில்வே வலிமை மிக்க மனிதர்களைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. வலிமை குறைவாக வேண்டப்படும் இணைப்பைத் தேடிற்று. வயலிலும் நாம் செய்ய வேண்டியது அதுவே.

டிராக்டர் உலகிலும் இவ்வெண்ணம் தோன்றியதுண்டு. வட அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி பெர்குசன் என்பவர் மூன்று புள்ளி இணைப்பை உருவாக்கினார். எண்ணெய் அழுத்தத்தால் கருவியைத் தூக்கவும் இறக்கவும் அது வழிசெய்தது. 1939-இல் ஃபோர்டு நிறுவனத்தோடு சேர்ந்து அவர் அதை வெளியிட்டபோது, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு உழுது காட்டினார்கள். இன்று நம் ஊர்களில் காணும் 15, 18 குதிரைத் திறன் மினி டிராக்டர்களிலும் அதே இணைப்புத்தான் இருக்கிறது. ஆயினும் தூக்குவது எஞ்சினே ஆனாலும், முதலில் பின்களை மாட்டுவது மனிதக் கையே. அதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் இடக் கீழ்க் கை, அடுத்து வலக் கீழ்க் கை, மேற்கை கடைசியில். வலக் கையை மட்டும் திருகி ஏற்றி இறக்கலாம் என்பதால், கருவி சற்றுச் சாய்ந்திருந்தாலும் துளையைச் சரிசெய்துகொள்ளலாம். இவ்வரிசை தெரியாதவர் கருவியைத் தூக்கித் தூக்கி இடுப்பை ஒடித்துக்கொள்கிறார்.

இனி, ஊரில் உள்ள பெரியவர்களுக்கு நாம் செய்து கொடுக்கத்தக்க ஏற்பாடுகளைச் சொல்கிறேன்.

முதலாவது, கருவி தரையில் கிடக்கலாகாது. பொறியின் துளை எந்த உயரமோ அந்த உயரத்தில் ஒரு பலகை மேடையில் அது நிற்க வேண்டும். மேடைக்கு நான்கு சிறு சக்கரம் இருந்தால் மிக நன்று. கருவியை மேடையோடு தள்ளிப் பொருத்தலாம். தூக்க வேண்டிய தேவையே இராது. டில்லர்க் கொட்டகையின் உத்தரம் உறுதியாக இருந்தால் அதில் ஒரு செயின் பிளாக் தொங்கவிடலாம். நம் வீட்டுக் கலியாணம் ஒன்றுக்குப் பூமாலைக்கு ஆகும் செலவு இதற்கு ஆகாது.

இரண்டாவது, துரு. பருவம் முடிந்து கருவியைக் கழற்றும் அன்றே சேற்றைக் கழுவி, போல்ட்டுகளுக்குக் கிரீஸ் தடவி வைத்தால், அடுத்த பருவத்தில் பாதி வேலை மிச்சம். ஒரு அடி நீள ஸ்பேனரின் பிடியில் குழாயைச் செருகி மூன்று அடியாக்கினால், மூன்றில் ஒரு பங்கு விசையே போதும். பின்களுக்கு வெள்ளை வர்ணம் பூசினால் மங்கிய கண்ணுக்கும் புலப்படும்.

மூன்றாவது, மாற்றும் தடவைகளைக் குறைத்தல். அண்டை வயலார் இருவர் ஒப்புக்கொண்டால், ஒருவர் பொறியில் கேஜ் வீலும் மற்றவர் பொறியில் டிரெய்லரும் பருவம் முழுதும் நிலையாக இருக்கலாம். இவர் வயலை அவர் உழ, அவர் வைக்கோலை இவர் ஏற்றலாம். டிரெய்லர் வேலையை வாடகை வண்டிக்கு விட்டுவிட்டு, உழவுக் கருவியை மட்டும் வைத்துக்கொள்வதும் ஒரு வழி. தமிழகத்தில் வேளாண்மைப் பொறியியல் துறை பொறிகளை வாடகைக்குத் தருகிறது. கேரளத்தில் கார்ஷிக கர்ம சேனை என்னும் அமைப்பின் பயிற்சி பெற்ற ஆட்கள் பலவிடங்களில் பணிபுரிகிறார்கள். இவற்றை நாடுவது உழவனுக்கு இழுக்கு ஆகாது.

நான்காவது, எச்சரிக்கை. எஞ்சினை நிறுத்தி, கருவியைத் தரையிலோ மேடையிலோ இறக்கி, சக்கரத்திற்குக் கட்டை வைத்த பின்பே கை வைக்க வேண்டும். தூக்கி நிற்கும் கருவியின் கீழ் எவரும் நுழையலாகாது. டிராக்டரின் சுழல் தண்டு நிமிடத்திற்கு 540 சுற்றுச் சுழல்கிறது. அதாவது நொடிக்கு ஒன்பது. வேட்டித் தலைப்பு அதில் சிக்கினால், 'ஐயோ' என்னும் முன்பே ஆளை இழுத்துவிடும். ஆகையால் வேட்டியும் தோளில் துண்டும் அங்கே வேண்டா.

இவ்வளவும் சொன்ன பின், "வயதான காலத்தில் ஏன் இந்தத் தொல்லை? விட்டுவிடலாமே!" என்று கேட்பவர் உண்டு. அவர்களுக்கு இரண்டு செய்திகள் சொல்வேன். ஜப்பானில் 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, உழவையே முதன்மைத் தொழிலாகக் கொண்டோரின் சராசரி வயது 67.8. அந்நாட்டின் சோற்றுப் பானை இன்னும் முதியவர் கைகளில் இருக்கிறது. அடுத்து, நாம் வாழும் கேரளத்தைப் பாருங்கள். 1970-களில் எட்டரை லட்சம் ஹெக்டேருக்கும் மேல் இருந்த நெல் வயல், இப்போது ஏறக்குறைய இரண்டு லட்சமாகச் சுருங்கிவிட்டது. 2008-இல் நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் வயலை நிரப்புவதைத் தடுக்கலாம். ஆனால் உழுவதற்கு ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்த அதனால் இயலாது. காரணங்கள் பல என்பதை நான் மறுக்கவில்லை. எனினும் ஒரு பருவம் தரிசு கிடந்தால் களை ஏறுகிறது, வரப்பு சரிகிறது, மறு பருவத்தில் உழவு இருமடங்கு கடினமாகிறது. மூன்றாம் பருவத்தில் தரகர் வாசலுக்கு வருகிறார். இதன் தொடக்கம் பல வீடுகளில், மாட்ட ஆள் இல்லாமல் கொட்டகையில் நின்றுவிட்ட ஒரு டில்லர்தான்.

ஆதலின் நம் காலனியின் இளைஞர்களுக்கு ஒரு விண்ணப்பம். நாம் பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் ஊருக்குப் போகிறோம். போக வேண்டியதுதான். அதோடு, கன்னிப்பூ உழவுக்கு முன் ஒரு ஞாயிறு, கும்பப்பூ உழவுக்கு முன் ஒரு ஞாயிறு, இரண்டு அறுவடைக்கும் ஒவ்வொரு ஞாயிறு என ஆண்டுக்கு நான்கு ஞாயிறுகளை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். தம்பானூரில் காலை வண்டி ஏறினால் இரண்டு மணி நேர அளவில் நாகர்கோவில். இருவர் சேர்ந்தால் நண்பகலுக்குள் கருவியை மாற்றிவிடலாம். அங்கே போய், "அப்பா, இனி நீங்கள் உழ வேண்டாம்" என்று சொல்லாதீர்கள். அச்சொல் அவரை ஓய்வில் அமர்த்தாது. நோயில் படுக்க வைக்கும். "நீங்கள் ஓட்டுங்கள், நான் மாட்டித் தருகிறேன்" என்று சொல்லுங்கள். தலைமுறைகளுக்கு இடையே இதைவிடச் சிறந்த வேலைப் பங்கீட்டை நான் அறியேன்.

கை தளர்ந்த பின்னும் ஒருவர் தம் வயலில் தாமே இறங்கி உழுகிறார் என்றால், அவருக்கு அது வருமானம் மட்டுமன்று. வாழ்வின் மதிப்பும் அதுவே. அம்மதிப்பு ஒரு போல்ட்டின் துருவினால் கெட்டுப்போக நாம் விடலாகாது.



வாழ்க தமிழ்! வளர்க உழவு!